வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வீடு: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியை முன்வைத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் சக்கர நாற்காலிகள் நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். மேடைக்குச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேசச் சொன்னால் கல்வியைப் பற்றிப் பேசுவோம், இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவோம். ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டால் மனம் நிறைந்து கைதட்டுவோம். அந்த வேலைக்கு அவர் எந்த வீட்டிலிருந்து புறப்படுகிறார், சாயங்காலம் எங்கே திரும்புகிறார், இன்னும் பத்து வருடம் கழித்து அந்த வீடு அவருக்கு இருக்குமா என்று கேட்பதில்லை. அதைக் கேட்கிறவர்கள் பெற்றோர் மட்டும்தான். சிறப்புப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டுகிற நேரத்தில் யாராவது ஒரு தாய் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்: "எங்க காலத்துக்கு அப்புறம் இவன யாருங்க பாத்துக்குவாங்க?" அந்த மகன் முப்பது வயதைத் தாண்டியவராக அருகிலேயே நிற்பார். கேள்வி அவர் காதிலும் விழும்.

என் கருத்தை ஒளிக்காமல் தொடக்கத்திலேயே வைக்கிறேன். வேலைக்குப் போகிற மாற்றுத்திறனாளியின் வீட்டுத் தேவையை நாம் தருமக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். அது தொழிலாளர் குடியிருப்புக் கணக்கில் வரவேண்டியது. கணக்கு மாறினால் யார் பொறுப்பு, எவ்வளவு செலவு, எந்த இடத்தில் வீடு என்ற எல்லாமே மாறும்.

இதைப் பேச மேற்குச் சென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இந்தப் பக்கத்தை வளர்த்ததே தொழிற்சாலைகள்தான். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. 1961-இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கி, 1965-இல் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. ஆவடியில் அரசு கட்டியது தொழிற்சாலை மட்டுமில்லை. ஹெச்.வி.எஃப். எஸ்டேட் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் குவார்ட்டர்ஸ், அதற்குள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம் எல்லாவற்றையும் சேர்த்தே கட்டியது. எங்கெங்கோ இருந்து வந்த ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் தலைசாய்க்க இடம் இல்லையென்றால் டாங்க் உருளாது என்பதை அன்றைய திட்டக்காரர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் குவார்ட்டர்ஸை யாரும் தானம் என்று சொன்னதில்லை. உற்பத்திச் செலவில் அதுவும் ஒரு பகுதியாக இருந்தது.

பிறகு நடந்ததையும் பாருங்கள். 2021 டிசம்பரில், பூந்தமல்லியை ஒட்டிய ஒரு விடுதியில் தங்கி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் தொழிற்சாலைக்குப் போய்வந்த பெண்களுக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உலகம் முழுவதும் அது செய்தியானது. தொழிலாளி எங்கே தூங்குகிறார் என்பது தொழிலின் பிரச்சினைதான் என்று அந்த இருபது வயதுப் பெண்கள் ஓர் இரவில் புரியவைத்துவிட்டார்கள். பலன் வந்தது. வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம், முழு மனதோடு பாராட்டுகிறேன். பதினெட்டாயிரத்து எழுநூற்று இருபது படுக்கைகளை அரசும் தொழிலும் சேர்ந்து போட முடிகிறது என்றால், அம்பத்தூரிலும் ஆவடியிலும் நான்கு நான்கு பேராக வாழ முப்பது நாற்பது சிறு வீடுகளை ஏற்பாடு செய்ய முடியாமல் போவதற்குப் பணம் காரணமாக இருக்க முடியாது.

பூந்தமல்லிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பார்வையற்றவர்களிடம் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் ஒருவருக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும், இன்னொருவருக்கு பயிற்சி மையம் நினைவுக்கு வரும். அரசுப் பார்வையற்றோர் பள்ளி பல தலைமுறைகளுக்குப் பிரெயில் சொல்லிக்கொடுத்தது. தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்தின் மண்டல மையம் 1988 முதல் ட்ரங்க் ரோட்டில் இருக்கிறது. தூரத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் இங்கே வந்து விடுதியில் தங்கிப் படித்தார்கள், தொழில் கற்றார்கள். படிப்பு முடிந்த அன்றோடு விடுதியும் முடிந்தது. ஊருக்குத் திரும்பினால் வேலை இல்லை, இங்கேயே இருந்தால் வீடு இல்லை. திரும்பாமல் தங்கிவிட்டவர்கள் தாங்களே ஒரு வழி கண்டார்கள். ஓரளவு பார்வை உள்ள ஒருவர், முழுக்கப் பார்வை இல்லாத இரண்டு மூன்று பேர், சேர்ந்து ஒரு போர்ஷன். பார்வை உள்ளவர் கரண்ட் பில்லைப் படிப்பார், தண்ணீர் லாரி வந்ததைச் சொல்வார். மற்றவர்கள் சமைப்பார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள். திருமுல்லைவாயிலிலோ அண்ணனூரிலோ மின்சார ரயிலில் ஏறுங்கள்; கார்டு கவர், சாவிக்கொத்து, பர்ஃபி என்று விற்றுக்கொண்டு பெட்டி பெட்டியாக நடந்து போகிறவர்களிடம் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பலர் இப்படிப்பட்ட அறைகளைத்தான் சொல்வார்கள். துணையோடு வாழும் வீடு என்பது ஏதோ வெளிநாட்டிலிருந்து நாம் இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கு இல்லை. ஆதரவு எதுவும் இல்லாமலே இவர்கள் அதை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். வாடகை ஏறும்போது அறை கலையும், பார்வை உள்ள அந்த ஒருவருக்குக் கல்யாணமானாலும் கலையும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் நிலை வேறு. அம்பத்தூரைச் சுற்றி இவர்களுக்கான பயிற்சிக்கூடங்கள் உண்டு. தொழிற்பேட்டைக்குள்ளேயே நவஜோதி அறக்கட்டளை பயிற்சி கொடுத்துவந்திருக்கிறது. சிறு பட்டறைகள் வாஷர் எண்ணிப் பையில் போடவும், ரப்பர் பாகங்களில் பிசிறு வெட்டவும், அட்டைப்பெட்டி மடிக்கவும் இவர்களை எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரே வேலையை மனம் சிதறாமல் எட்டு மணி நேரம் செய்யும் பொறுமை பல முதலாளிகளுக்கு மதிப்புள்ளது. ஆனால் அவர்களை எழுப்பி, டிபன் கட்டி, பஸ் ஏற்றிவிடுகிற ஆள் அறுபத்தைந்து வயது அம்மா. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த வாரமே மகனின் வேலையும் போய்விடுகிறது. முதலாளி நீக்கவில்லை. கொண்டுவந்து விட ஆள் இல்லை, அவ்வளவுதான். திருமணமான அக்கா ஒருவர் பொறுப்பேற்று ஓசூருக்கோ திருவள்ளூருக்கோ அழைத்துப் போவார். பதினைந்து ஆண்டு வேலை அனுபவம் உள்ள ஒரு தொழிலாளி அங்கே டி.வி. முன்னால் உட்காரவைக்கப்படுவார்.

ஆவடிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. மத்திய அரசு ஊழியரின் பிள்ளை மாற்றுத்திறனாளியாக இருந்து தானே பிழைக்க முடியாதவர் என்றால், பெற்றோருக்குப் பின் ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். பாதுகாப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் இது பெரிய ஆறுதல். ஆனால் நெடுநாளாக ஒரு நிபந்தனை இருந்தது: அந்தப் பிள்ளையின் மாத வருமானம் ஒன்பதாயிரம் ரூபாயும் அகவிலை நிவாரணமும் சேர்ந்த வரம்பைத் தாண்டக் கூடாது. 2021-இல் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. பிள்ளையின் மொத்த வருமானம் அவருக்கு வரவேண்டிய ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும் என்று ஆக்கியது. தளர்த்தியது சரி. பழைய வரம்பு விதைத்த பயம் மட்டும் வீடுகளில் இருக்கிறது. "வேலைக்கு அனுப்பினா பென்ஷன் போயிடுமே" என்று நல்ல திறமை உள்ள பிள்ளைகளை வீட்டோடு வைத்திருக்கும் அப்பாக்களை இந்தப் பக்கத்தில் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தன் காலத்துக்குப் பின் வீடு நிச்சயமில்லை என்றால், மாதம் பிறந்தால் வரும் பணத்தையாவது நிச்சயமாக்கிக்கொள்ளத்தான் எந்தத் தகப்பனும் பார்ப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007-இல் இந்தியா ஏற்றது. அதன் 19-ஆம் பிரிவு, எங்கே யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மற்றவர்களுக்கு இருப்பதுபோலவே மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்கிறது. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சமூகத்துக்குள் வாழும் உரிமையைத் தருகிறது; 37-ஆம் பிரிவு அரசு வீட்டு ஒதுக்கீடுகளில் ஐந்து விழுக்காட்டை ஒதுக்கச் சொல்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. குழு வீடுகளை அரசு ஏற்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் பெரியவர்களுக்கான குழு இல்லத் திட்டமும் உண்டு. இனி நீதிமன்றத்துக்குப் போய் உரிமையை நிலைநாட்ட வேண்டிய கட்டம் இல்லை. ஆவடியில் எந்தத் தெருவில் எந்தக் கதவுக்குப் பின்னால் என்பதுதான் மிச்சம்.

அப்படி ஒரு கதவைத் திறந்துகாட்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக பான்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் 'அடைக்கலம்' மையம் முகப்பேர் ஏரித் திட்டத்தில் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடும் தூரம். அங்கே சிகிச்சை பெற்றுத் தெளிந்த பெண்களில் பெரும்பாலானவர்கள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள். சிலருக்குத் திரும்ப இடமில்லை: முகவரி நினைவில்லை, அல்லது முகவரியில் இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆண்டுகள் ஓடின. அடைக்கலமாக வந்த இடத்திலேயே முதுமை அடைய வேண்டிய நிலை.

இது பான்யனின் சிக்கல் மட்டும் இல்லை. நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் நடந்த தேசிய அளவிலான ஆய்வொன்று 2019-இல் வெளியானது. உள்நோயாளிகளில் 36 விழுக்காட்டினர் ஓராண்டுக்கு மேலாக அங்கேயே இருக்கிறார்கள் என்று அது கண்டது. நம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அங்கே பதினேழு ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்ற பிறகு 1984-இல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பை நிறுவி, மருந்தோடு வேலையும் தங்குமிடமும் சேர்ந்தால்தான் மீட்சி என்பதைச் செயலில் காட்டினார். அவர் போட்ட பாதையில் நடந்தவர்கள் இன்று பலர்.

பான்யன் பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த முடிவுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இன்னொரு பெரிய கட்டடம் கட்டாமல், கோவளம் வட்டாரத்திலும் சென்னையிலும் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்தார்கள். நான்கைந்து பெண்கள் ஒரு வீட்டில். யாரோடு யார் என்பதை அந்தப் பெண்களே தீர்மானித்தார்கள். மருத்துவமனையில் பல வருடம் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருந்த இருவர் ஒரே வீட்டைக் கேட்பார்கள். வேறு சிலர் ஒருவரை ஒருவர் தவிர்ப்பார்கள். வீட்டில் துணைக்கு ஓர் உதவியாளர் உண்டு. பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே வாழும் பெண். பட்டம் படித்தவராக இருக்கவேண்டியதில்லை, மனிதர்களோடு பழகத் தெரிந்தவராக இருந்தால் போதும். மனநல ஊழியர்கள் வந்து போவார்கள். இதற்கு 'ஹோம் அகெய்ன்' என்று பெயர் வைத்தார்கள். மருத்துவமனையிலேயே தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், வீடுகளுக்குப் போன பெண்கள் அக்கம்பக்கத்தோடு கலந்து வாழ்வது கூடியிருந்தது. இன்று கேரளம், அசாம், மகாராட்டிரம் எனப் பல மாநிலங்களுக்கு இது போயிருக்கிறது.

இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மருந்து முன்பும் இருந்தது, சாப்பாடும் இருந்தது. இப்போது மாறியது அன்றாடத் தீர்மானங்கள் யார் கையில் என்பதுதான். இன்றைக்கு ரசமா மோர்க்குழம்பா, மீன்காரம்மாவிடம் எவ்வளவுக்குப் பேரம், பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு எந்தப் புடவை, விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது. 'ஹோம்' என்று நாம் சொல்கிற இடங்களில் இவை எல்லாவற்றையும் வார்டன் முடிவு செய்கிறார். அது அவருடைய குற்றம் இல்லை. நூறு பேருக்குத் தனித்தனி நேரத்தில் சோறு போட முடியாது. நூறு பேரை ஒரு கூரைக்குக்கீழ் வைத்ததுதான் தவறு.

பெரிய வளாகங்களை நான் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், தென்காசிச் சீமையின் கிராமங்களுக்குச் செய்திருப்பதை எந்த அரசுத் துறையும் செய்ததில்லை. ஆய்க்குடிக்கு அது சரி. அம்பத்தூரில் வேலை உள்ள ஒருவருக்கு நகரத்தைத் தாண்டி நாற்பது கிலோமீட்டரில் பசுமையான வளாகம் கிடைத்தால், வளாகம் கிடைத்த அன்றே வேலை போய்விடும். வீடு வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வேலைக்குப் போகிற மற்றவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே இருக்க வேண்டும். கொரட்டூர், மண்ணூர்பேட்டை, அத்திப்பட்டு, அயப்பாக்கம், காட்டுப்பாக்கம் என்று நான் பெயர் சொல்லிக் கேட்பது இதனால்தான்.

துணை என்றால் எவ்வளவு துணை? எல்லோரும் இங்கேதான் மிரண்டு விடுகிறார்கள். ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். மூளை முடக்குவாதம் உள்ள ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் கணினியில் பதிவு போடுகிறார். ஜெனரல் ஷிப்ட், எட்டரை மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். பல் தேய்த்துக்கொள்வார். குளியலறையில் ஒரு கைப்பிடியும் பிளாஸ்டிக் ஸ்டூலும் இருந்தால் குளித்தும்விடுவார். சட்டையின் மேல் இரண்டு பொத்தான், பெல்ட், காலில் போடும் கேலிப்பர், இந்த மூன்றுக்கும் ஆள் வேண்டும். தானே போட்டுக்கொண்டால் முக்கால் மணி நேரம் ஆகி, வேலைக்குப் போகும் முன்பே உடம்பு ஓய்ந்துவிடும். இன்னொருவர் கை கொடுத்தால் பத்து நிமிடம். பிறகு காபி ஆற்றி டம்ளரில் பாதி அளவு ஊற்றித் தர வேண்டும். தெருமுனை வரை அவர் போகும் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மழைநீர் வடிகால் மூடி அங்கே ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது. அதன்பின் மாலை வரை யாரும் தேவையில்லை. ராத்திரி கேலிப்பர் கழற்ற ஒரு கை. ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குமேல் போகாது. இந்த இரண்டு மணி நேரத்தைத் தர ஆள் இல்லாததால், இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு விடுதியின் சட்டத்துக்கு அவரை ஒப்புக்கொடுக்கச் சொல்கிறோம்.

அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு இப்படிப்பட்ட உதவி தேவைப்படாது. குளிப்பார், சோறு வைப்பார், துணி துவைப்பார். சம்பளம் வந்த இரவில் யாரோ நண்பன் கைமாற்றாகக் கேட்டு வாங்கிப்போகாமல் பார்க்க வேண்டும். மெட்ரோ வேலைக்காக பஸ் வேறு பாதையில் திரும்பினால் புதிய ஸ்டாப்பை இரண்டு நாள் கூடப் போய்ப் பழக்கிவிட வேண்டும். மனநோயிலிருந்து மீண்டவருக்கு இரவுத் தூக்கம்தான் அச்சாணி. நைட் ஷிப்ட் போட்டால் முதலில் தூக்கம் போகும், அடுத்தடுத்த நாளில் பேச்சு மாறும். அதைக் கவனித்து சூப்பர்வைசரிடம் பேச ஒருவர் இருந்தால் வேலையும் பிழைக்கும், ஆஸ்பத்திரியும் தப்பும். காது கேளாதவருக்கு வாசல்மணியோடு ஒரு விளக்கும், ஹவுஸ் ஓனரிடம் பேசும்போது சைகை தெரிந்த ஒருவரும் போதும். ஆளுக்கு ஏற்ற துணையை மணிக்கணக்கில் அளந்து கொடுத்தால் நான்கு பேர் வாழும் வீட்டுக்கு ஒன்றரை ஆள் வேலை போதும்.

வீட்டின் வடிவம் பற்றி ஒரு செய்தி. இங்கிலாந்தில் சட்டன்-இன்-ஆஷ்ஃபீல்டு என்ற சிறு நகரத்தில் கென் டேவிஸ், மேகி டேவிஸ் என்ற மாற்றுத்திறனாளித் தம்பதி, விடுதியில் வாழ்நாளைக் கழிக்க மறுத்து, வீட்டுவசதிச் சங்கம் ஒன்றோடு சேர்ந்து தாங்களே வடிவமைத்த குடியிருப்பு 1976-இல் திறந்தது. கீழே மூன்று வீடுகளில் மாற்றுத்திறனாளிகள். மேலே மூன்று வீடுகளில் மற்ற குடும்பங்கள். தினமும் குறிப்பிட்ட உதவிகளைச் செய்ய ஒப்புக்கொண்டு குடிவந்தவர்கள். இதைப் படித்தபோது எனக்குத் திருமுல்லைவாயில்தான் கண்முன் வந்தது. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், பக்கவாட்டில் படிக்கட்டு. இந்தப் புறநகர் முழுவதும் இப்படிக் கட்டிய வீடுகள்தானே? கீழ் போர்ஷன் இவர்களுக்கு, மேல் போர்ஷனை வாடகைச் சலுகையோடு உதவியாளர் குடும்பத்துக்கு. புதிதாகச் செங்கல் அடுக்க வேண்டியதில்லை. வாசலில் இரண்டு படி இருக்கும் இடத்தில் சாய்தளம், மேற்கத்தியக் கழிப்பறை, அகலக் கதவு, வழுக்காத தரை. ஒரு கொத்தனார் சில நாளில் முடிக்கும் வேலை.

ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் என்ன நடக்கிறது? புரோக்கர் போனில் "வீடு இருக்கு சார்" என்பார். நேரில் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ஓனரின் தம்பி வெளிநாட்டிலிருந்து திடீரென்று வந்துவிடுவார். தரையில் கோடு விழும் என்பார்கள். பேச்சிலர்களுக்கு விடுவதில்லை என்பார்கள். கூட யாரும் பெரியவர் இல்லையா என்று நாற்பது வயதுக்காரரிடம் கேட்பார்கள். அட்வான்ஸ் பத்து மாதம். மூன்று மாத வாடகைக்குமேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது, வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர. அந்த 'தவிர' வழியாக எல்லோரும் வெளியேறிவிடுகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்றால் அக்ரிமென்டில் அவருடைய கையெழுத்து செல்லுமா என்ற கேள்வி வரும். 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளின் சட்டத் தகுதியை உறுதி செய்கிறது. ஆனாலும் ஓனர்களின் தயக்கத்தைத் தீர்க்க ஒரு நம்பகமான அமைப்பு வாடகைக்குப் பொறுப்பேற்று, குடியிருப்பவர் பெயரையும் சேர்த்து ஒப்பந்தம் போடுவதே இப்போதைக்கு நடைமுறை வழி. சாவி மட்டும் குடியிருப்பவர் கையில் இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

செலவை யார் தருவது? வாடகையும் மளிகையும் அவரவர் சம்பளத்திலிருந்து. வேலை செய்கிற மனிதர், தன் வாடகையைத் தானே கொடுப்பது அவருடைய மரியாதை. உதவியாளரின் சம்பளமும், வீட்டை மாற்றி அமைக்கும் செலவும் பொதுப்பணத்திலிருந்து வர வேண்டும். தமிழ்நாடு அரசு கடும் ஊனமுள்ளவர்களுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' மையங்கள் திறக்கப்படுகின்றன. அங்கே இயன்முறை மருத்துவம் கிடைக்கிறது, நல்லது. உதவியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பும் பொறுப்பையும் அதே மையங்களுக்குக் கொடுக்கலாம். பெரிய கம்பெனிகள் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன. உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 வந்தால் மூன்றுசக்கர வண்டி கொடுத்துப் படம் எடுக்கும் பழக்கத்துக்குப் பதிலாக, தம் தொழிலாளி தங்கும் வீட்டின் உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம். அந்த உதவியாளருக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வாரவிடுப்பு வேண்டும். அவரும் இந்தப் புறநகரின் தொழிலாளிதான். அவரை ஆயா என்று அழைத்து அரைச் சம்பளம் கொடுத்தால், மூன்றாம் மாதம் அவர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்விடுவார், வீடு தடுமாறும்.

கடைசியாகப் பாதுகாப்பு. பெண் பிள்ளையைப் பெற்றவர்களிடம் நான் என்ன பேசினாலும் அவர்கள் மனதில் ஓடுவது இது ஒன்றே என்று தெரியும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். பூட்டும் சங்கிலியும் பாதுகாப்பு என்ற பெயரில்தான் போடப்பட்டன. 2018-இல் அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த ஒரு சிறுமி சொந்தக் குடும்பத்தோடு வாழ்ந்த அடுக்குமாடியிலேயே, காவலுக்கும் பராமரிப்புக்கும் இருந்தவர்களாலேயே கொடுமைக்கு ஆளானார். சுவரோ வாட்ச்மேனோ தனியாகக் காப்பாற்றிவிடுவதில்லை. தினமும் வந்துபோகும் ஆட்கள் வேண்டும், மாதம் ஒருமுறை வெளியார் தணிக்கை வேண்டும், வீட்டில் வாழும் பெண்ணுக்கு யாரிடம் புகார் சொல்வது என்று படங்களோடு கற்பித்திருக்க வேண்டும், சொன்னால் நம்புகிற ஒருவர் வேண்டும். தெருவில் நான்கு வீடு தள்ளி அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் இருப்பதும் பெரிய காவல். மதிலுக்குள் இருக்கும் காப்பகத்தில் இவை எதுவும் எளிதில் அமையாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் முதலாளிகளிடம் நான் கேட்பது: உங்களிடம் வேலை செய்யும் மாற்றுத்திறனாளி எத்தனை பேர், அவர்கள் வீட்டில் துணைக்கு இருப்பவரின் வயது என்ன என்று ஒரு பட்டியல் எடுங்கள். இன்னும் எத்தனை ஆண்டில் எத்தனை வீடு வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரியும். வீட்டுவசதி வாரியமும் நகர்ப்புற வாழ்விட வாரியமும் இந்தப் பக்கத்துத் திட்டங்களில் சட்டம் சொல்லும் அந்த ஐந்து விழுக்காட்டைத் தரைத்தளமாகவே ஒதுக்கட்டும். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே பிள்ளையை மாதத்தில் சில நாள் வேறு வீட்டில் தங்கப் பழக்குங்கள், உங்கள் கண் முன்னால் தடுமாறி, உங்கள் கண் முன்னாலேயே தேறட்டும். இந்த மூன்று ஊர்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். அடுத்த முறை உங்கள் கீழ் போர்ஷன் காலியாகும்போது, புரோக்கரிடம் சொல்வதற்கு முன் பக்கத்திலுள்ள சிறப்புப் பள்ளிக்கு ஒரு போன் செய்யுங்கள்.